ஆவுடை இருந்தால் தமிழ் பேசும் படம்

எங்கள் ஊருக்கு ஓர் அதிசயம் வந்தது, வந்த அதிசயம் என் மேல் விழாமல் என் அக்கா மேல் விழுந்தது, அதுவும் அவள் கையில் முறுக்கு டப்பாவை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்ட நேரமாகப் பார்த்து விழுந்தது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் படம் வந்த கதையிலிருந்து சொல்கிறேன்.

நொச்சிகுளத்தில் இருப்பது ஒரே தியேட்டர், ஸ்ரீ முப்பிடாதி டாக்கீஸ், அதற்குள் இருக்கும் கேன்டீன் எங்கள் அம்மையுடையது, பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டதும் நானும் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டுவிட்டு முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். சாயங்காலமும் இரவும் தமிழ்ப் படம் ஓடும். காலைக் காட்சிக்கு மட்டும் வெளிநாட்டுப் படம். காலைக் காட்சி வெளிநாட்டுப் படம் என்றால் எப்படிப்பட்ட படம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆண்கள் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு வருவார்கள், முகம் மூடியிருந்தாலும் துண்டை வைத்தே ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு, கண்டுகொள்ளாத மாதிரித் தள்ளித் தள்ளி உட்காருவார்கள். தியேட்டர் முதலாளி சுடலையாண்டி அண்ணாச்சி, மதுரை ஏஜெண்டிடம், "வழக்கம்போல வேண்டாம், ஜெர்மன் படமா ஒண்ணு அனுப்பும்வே, ஜெர்மன்னா கொஞ்சம் தாராளமா இருக்கும்" என்று சொல்லியனுப்ப, ஏஜெண்டு எந்த மூலையில் கிடந்த பெட்டியைத் தூசி தட்டினாரோ, உலகப் போர் முடிந்த கையோடு அந்த ஊர்க்காரர்கள் எடுத்த கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம் ஒன்று பேருந்தின் கூரையில் ஏறி வந்து இறங்கியது. சுவரொட்டியில் ஒரு பெண் ஓர் ஆணின் கோட்டைக் கையில் பிடித்திருந்தாள். அண்ணாச்சி அவள் அதைக் கழற்றுகிறாள் என்று நினைத்தார். அவள் அதற்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் இடைவேளைக்கு வெளியே வந்த துண்டுகள் எல்லாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தன. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

"என்ன அண்ணாச்சி படம் இது. முக்கால் மணி நேரமா ஒருத்தி உருளைக்கிழங்கு உரிக்கா, உரிச்சிக்கிட்டே இருக்கா."

"பொறும்வே. பெறவு எதும் இருக்கும்."

"பெறவு அவிக்கா."

இதைக் கேட்டுத்தான் அம்மை என்னைக் காலைக் காட்சிக்கு உள்ளே விட்டாள். "உருளைக்கிழங்குதான, போயி முறுக்க வித்துட்டு வா" என்றாள். நான் போனேன், சுவரில் சாய்ந்து நின்றேன், தட்டை இறக்கி வைக்க மறந்து கடைசி வரைக்கும் பார்த்தேன், மறுநாளும் பார்த்தேன், அதற்கும் மறுநாளும் பார்த்தேன்.

படம் இதுதான். குண்டு விழுந்த ஒரு நகரம், அதில் ஒரு சுவர் இல்லாத மாடி வீடு, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் படுக்கை விரிப்பை ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள், காற்றடித்தால் விரிப்பு விலகித் தெருவே உள்ளே எட்டிப் பார்க்கும். அந்த வீட்டுக்காரி புருஷனைப் போரில் பறிகொடுத்தவள். அவளிடம் நான்கு பேர் குடியிருக்கிறார்கள், நாங்கள் வைத்த பெயர் மொட்டை, நெட்டை, மீசை, சப்பை மூக்கு. நான்கு பேருக்கும் சேர்த்து வெளியே போட்டுக்கொண்டு போக ஒரே ஒரு கோட்டு. மொட்டை போட்டுக்கொண்டு போய்ப் பின்வாசலில் கழற்றிக் கொடுக்க, மீசை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக வர, வீட்டுக்காரி ஒவ்வொருவரையும் பார்த்து, அடடா, நல்ல கோட்டு என்கிற மாதிரித் தலையை ஆட்ட, மற்ற மூவரும் விரிப்புக்குப் பின்னால் நின்று வயிறெரிவார்கள். எனக்கு அந்த எரிச்சல் மொழி தெரியாமலே புரிந்தது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். எனக்கும் அக்கா ஆவுடைக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல சுடிதார், மாம்பழ மஞ்சள், கடையில் பார்த்து எடுத்தவள் நான், அவள் போட்டால் எல்லோரும் நல்லாருக்கு என்பார்கள், நான் போட்டால் "அக்கா சுடிதாரா?" என்பார்கள்.

அப்படியாக அந்தப் படத்தை ஊரில் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான் ஆனேன். வாய் அசைவதையும் புருவம் ஏறுவதையும் வைத்து ஒவ்வொருவருக்கும் வசனம் கட்டினேன். இருட்டில் முறுக்கு விற்கப் போகும்போது, "ஏட்டி உலகு, நெட்டை என்னட்டி சொல்லுதான்?" என்று முதலில் ஒருவர் கேட்டார், நான் சொன்னேன், பிறகு இரண்டு பேர் கேட்டார்கள், பிறகு ஒரு வரிசையே கேட்டது, கடைசியில் நான் நடுப்பாதையில் நின்று சொல்லச் சொல்லப் பெஞ்சிலிருந்து நாற்காலி வரைக்கும் சிரித்தார்கள். வீட்டுக்காரிக்கு அது ஒரே கோட்டு என்று தெரியாது என்றேன், அவள் நெட்டையை நினைத்து உருகுகிறாள் என்றேன், கடைசிக் காட்சியில் அவள் நெட்டைக்குத் தன் கையால் கோட்டைப் போட்டுவிடும்போது, இனி கல்யாணம்தான் என்றேன், சில பேர் கண்ணைத் துடைத்தார்கள். தூக்கிவிட வேண்டிய படத்தை அண்ணாச்சி தூக்கவில்லை. வீட்டிலிருந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். என் வாழ்நாளில் என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தது அந்தக் கொஞ்ச நாள்தான், அதனால் அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

இப்போது ஆவுடை. என்னைவிட மூன்று வயது மூப்பு, என்னைவிட நிறம், என்னைவிட முடி, என்னைவிடப் பேச்சுக் குறைவு, ஆகவே என்னைவிட நல்லவள் என்று பெயர். ஒரு நாள் தட்டில் முறுக்குத் தீர்ந்துவிட்டது என்று டப்பாவை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கத்துத் திரைச்சீலையை விலக்கி உள்ளே வந்தாள், வந்து கொட்டாவி விட்டாள், அப்போது திரையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி, "தொலி கனமாப் போயிரப்பிடாது, இருக்கதே நாலு கெழங்கு" என்றாள்.

யாரும் அசையவில்லை.

நெட்டை படியிறங்கி வந்தான். "மைனி, நான் வெளிய போயிட்டு வாறேன்."

"நல்ல கோட்டாருக்கே. யார் கோட்டு?"

"எங் கோட்டுதான் மைனி."

அவன் போனதும் வீட்டுக்காரி கத்தியை வைத்துவிட்டு உருளைக்கிழங்கைப் பார்த்துச் சொன்னாள். "ஒங் கோட்டாம்லா. எங்க வீட்டு ஆளுக்கு எங் கையால பொத்தான் தச்ச கோட்டு. அவன் கழட்டி இவன் போட, இவன் கழட்டி அவன் போட, எனக்குத் தெரியாதாக்கும். போட்டுட்டுப் போங்கல. அவுக இல்லாட்டாலும் கோட்டாவது நாலு எடத்துக்குப் போயிட்டு வரட்டும்."

இருட்டில் ஒரு குரல், "ஏய், அவளுக்குத் தெரியுமாம்லா" என்றது. அடுத்த நொடி தியேட்டரே திரும்பி என்னைப் பார்த்தது. ஜெர்மன்காரி எப்படி எங்கள் ஊர்த் தமிழ் பேசுகிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் எப்படித் தப்பாகச் சொன்னேன் என்றுதான் கேட்டார்கள்.

"இத்தன நாளா எல்லாம் ஒங் கையிலேருந்து உட்டதாட்டி?"

"அவளுக்குத் தெரியாதுன்னு அடிச்சிச் சொன்னியே, உலகு."

நான் கடைசிக் காட்சிக்காகக் காத்திருந்தேன், அதிலாவது நான் சொன்னது சரியாக இருக்கும் என்று. வீட்டுக்காரி நெட்டைக்குக் கோட்டைப் போட்டுவிட்டாள், காலரைச் சரிசெய்தாள், சொன்னாள்: "போ. சண்டையில தொலைஞ்சி போன ஒம் பொண்டாட்டி எந்த ஊர்ல இருக்கான்னு தேடு. கோட்டத் திருப்பித் தர வேண்டாம்." எனக்குக் காது சூடாகிவிட்டது. கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஆவுடை டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவளால்தான் என்று கண்டுபிடித்தவர் ஆபரேட்டர் எஸ்தாக்கி மாமா. மறுநாள் படம் மறுபடியும் ஜெர்மனில் ஓட, ஆட்கள் கத்த, ஆவுடை காலி டப்பாவை எடுக்க உள்ளே வர, தமிழ் வர, அவள் வெளியே போக, ஜெர்மன் வர, மேலே சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மாமா படத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்து, "ஏ ஆவுடை, இங்கன வா, இப்ப அங்கன போ, இப்ப இங்கன வா" என்று நடத்திப் பார்த்தார். ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைக்கச் சொன்னபோது மொட்டை பாதி வசனத்தைத் தமிழில் சொல்லி மீதியை ஜெர்மனில் முடித்தான். மாமா திருப்தியாகத் தலையாட்டினார். "லென்ஸ்ல கோளாறு இல்ல. பிள்ளையாலதான்" என்று சொல்லிவிட்டு மேலே போய்ப் படத்தை விட்ட இடத்திலிருந்து ஓட்டினார்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, புதிதாக ஒரு பேருந்து நிறுத்தம் வந்தால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படித்தான். முதலில் யாருக்கு வசதி என்று பார்த்தார்கள். மாமா போகும் மாதா கோயில் சாமியார், பரிசுத்த ஆவி இறங்கி ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டதெல்லாம் ஏற்கெனவே பைபிளில் நடந்திருக்கிறது, இது ஒன்றும் புதிதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னார். முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழாவில் சாமியாடியிடம் கேட்டபோது அவர் ஆட்டத்தை நிறுத்தாமலே, "அதுல எனக்குச் சம்பந்தமில்லடே, தியேட்டர் விஷயத்த தியேட்டர்ல கேளு" என்று அம்மன் குரலில் சொன்னார். தூத்துக்குடியிலிருந்து வேனில் வந்தவர்கள், படம் நன்றாக இருக்கிறது, ஆனால் மீசை மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சில் பேசினால் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு படங்களையும் ஓட்டிப் பார்த்தார்கள், இங்கிலீஷ் படத்துக்கு ஆவுடையை உட்கார வைத்தால் இங்கிலீஷ்தான், இந்திப் படத்துக்கு இந்திதான், அவளுக்கு ஒத்துவந்தது அந்த ஜெர்மன்காரர்கள் மட்டும்தான், அல்லது அவர்களுக்கு ஒத்துவந்தது அவள் மட்டும்தான்.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் அவளுக்கென்று மெத்தை வைத்த நாற்காலி போட்டார்கள். அண்ணாச்சி பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு முன்பு திரைக்குக் கற்பூரம் காட்டுவது எங்கள் தியேட்டர் வழக்கம், இப்போது திரைக்குக் காட்டிய தட்டை அப்படியே கொண்டுவந்து ஆவுடைக்கும் காட்டினார்கள், அவள் தும்மினாள். அவள் நடுவில் கக்கூஸுக்குப் போனால் அந்த நேரம் முழுக்க ஜெர்மன் ஓடும், சனம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும், திரும்பி வந்ததும் "வந்துட்டா, வந்துட்டா" என்று நிமிர்ந்து உட்காரும், ஆனாலும் போகாமல் இருந்தால் நல்லது என்று காலையிலிருந்து அவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தபோது கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாதத்தில் அந்த நாட்களில் கற்பூரம் காட்டும் இடத்துக்கு அவள் வரலாமா என்று இரண்டு பேர் கேட்டபோது, அண்ணாச்சி யோசித்துப் பார்த்து, "ஜெர்மன்காரனுக்கு ஏதுவே தீட்டு" என்று முடித்துவிட்டார். ஊரில் எனக்குத் தெரிந்து அந்த விஷயத்தில் நடந்த ஒரே முன்னேற்றம் அதுதான், அதுவும் அவளுக்குத்தான் கிடைத்தது, நான் அடுப்படிக்கு வெளியேதான் உட்கார்ந்தேன்.

நான் முறுக்கு விற்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால், "கொஞ்சம் ஒதுங்கி நில்லு, மறைக்கு" என்று கேட்டார்கள்.

பொறாமை என்றால் என்ன என்று தெரியாதவர்கள் அது நெருப்பு மாதிரி என்பார்கள். இல்லை. பல்லில் சிக்கிய நார் மாதிரி. நாக்கு வேறு வேலை பார்க்காது. நான் அவள் இல்லாத நேரத்தில் அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், ஜெர்மன். பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், ஜெர்மன். அவளை மாதிரி வாயைத் திறந்து கொட்டாவி விட்டுப் பார்த்தேன், எஸ்தாக்கி மாமா மேலேயிருந்து, "ஏட்டி, வீட்ல போயித் தூங்கு" என்றார். எனக்கு அந்தப் படத்தில் சப்பை மூக்கு எந்தக் காட்சியில் எந்தக் கையால் தொப்பியைக் கழற்றுகிறான் என்று தெரியும். ஆவுடைக்கு அவர்கள் நான்கு பேரா ஐந்து பேரா என்றே தெரியாது.

ஒரு நாள் கேன்டீனில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"எனக்கு அந்தப் படமே பிடிக்கலட்டி."

நான் பிசைவதை நிறுத்தினேன். "என்ன பிடிக்கல?"

"எப்பப் பாத்தாலும் ஒரே வீடு. ஒரே கெழங்கு. ஒரே கோட்டு. அந்தம்மா ஏன் அந்த வீட்டையே கட்டிக்கிட்டு அழுதா, சுவரு கூட இல்ல. ஒரு பஸ் ஏறிப் போவ வேண்டியதுதான."

"ஒனக்காகத்தான தமிழ் பேசுதாவ."

"நானா பேசச் சொன்னேன்? எனக்கு உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்கி."

மாவை அவள் முகத்தில் அப்பியிருப்பேன், ஆனால் அம்மை எதிரில் நின்றாள்.

அண்ணாச்சி பெண் கேட்டு வந்தது அந்த வாரத்தில்தான். அவருடைய தங்கை மகன் மாசானமுத்து, சிமெண்டுக் கடை வைத்திருப்பவர், முதல் மனைவி தவறிப்போய்விட்டாள், ஆவுடையைவிட இரண்டு மடங்கு வயது, நல்ல மனிதர், தும்மினால்கூடச் சத்தம் வராமல் தும்முவார். அண்ணாச்சி கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து, "வேற ஊர் தியேட்டர்காரன்லாம் பிள்ளையக் கேட்டு வர ஆரம்பிச்சிட்டான் பாத்துக்கோ. சங்கரன்கோவில்காரன் சம்பந்தமே பேசுதான். வெளியூர்க்குப் போனா நம்ம படம் ஊமையாப் போயிரும். நம்ம குடும்பத்துக்குள்ளயே இருந்துட்டா யாருக்கும் சங்கடமில்ல. கல்யாணத்துக்குப் பெறவும் காலைக் காட்சிக்கு மட்டும் வந்தாப் போதும். பேறுகாலம்னா தியேட்டருக்குப் பின்னாலயே ரூம் போட்டுத் தாறேன், சத்தம் கேக்குத தூரத்துல இருந்தா தமிழ் வருதான்னும் பாத்துக்கிடலாம்" என்றார். அம்மை முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, இன்னொரு டீ வைத்துக் கொடுத்தாள். டீ வைத்துக் கொடுத்தால் எங்கள் வீட்டில் சரி என்று அர்த்தம்.

ஆவுடை பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார்ந்து அழுதாள். அவள் கூடப் படித்த பிள்ளை ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், விடுதியில் இடம் இருக்கிறது, வா என்கிறாள், அம்மையிடம் சொன்னால் விடமாட்டாள், சொல்லாமல் போனால் தியேட்டரைத் தாண்டிப் போக முடியாது, ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் அவள் அழுகைக்கு நடுவில் சொன்னாள்.

"நான் அனுப்பி வைக்கேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாசத்தில் சொன்னேன் என்று நினைத்தாள். இன்றைக்கும் ஊரில் சிலர், தங்கச்சி எவ்வளவு பாசமாக அனுப்பி வைத்தாள் என்று பேசுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு அவள் போக வேண்டும். அவள் போனால் ஜெர்மன் திரும்பி வரும், ஜெர்மன் வந்தால் யாருக்கும் புரியாது, புரியாவிட்டால் என்னிடம்தான் வந்து கேட்டாக வேண்டும். கணக்கில் நான் தோற்றவள்தான், ஆனால் இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே வந்தது.

காட்சி நடக்கும்போதே போக வேண்டும் என்று முடிவு செய்தேன், ஏனென்றால் மற்ற நேரம் எல்லாம் அவளைத்தான் பார்ப்பார்கள், படம் ஓடும்போது மட்டும் படத்தைப் பார்ப்பார்கள். பையை முன்கூட்டியே கக்கூஸுக்குப் பின்னால் வைத்தேன். பையில் மாம்பழ மஞ்சள் சுடிதாரையும் வைத்தேன், பட்டுச்சேலையோடு பஸ் ஏறினால் கல்யாணப் பெண் ஓடுகிறாள் என்று வழியிலேயே பிடித்துவிடுவார்கள். "கொண்டுபோ. திருப்பித் தர வேண்டாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் வசனம் என்று தெரிந்தது, எரிச்சலாக வந்தது.

மீசையும் மொட்டையும் பின்வாசலில் கோட்டுக்காகச் சண்டை போடும் காட்சி. "கழட்டும்வே, இன்னைக்கு எம் முறை." "நேத்து மழைல நனைச்சது நீருதான, காயட்டும்." தியேட்டர் சிரித்துக் கொண்டிருந்தபோது ஆவுடை எழுந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை ஒருத்தி, "சீக்கிரம் வாம்மா" என்று காலை மடக்கி வழிவிட்டாள். திரைச்சீலை விழுந்தது. மொட்டை ஜெர்மனில் ஏதோ சொன்னான்.

சனம் வழக்கம்போலப் பொறுமையாக இருந்தது. அந்தக் காட்சி முடிந்தது. வீட்டுக்காரி வந்தாள், கிழங்கு உரித்தாள், ஜெர்மனில் பேசினாள். "என்ன, இன்னுமா" என்று ஒருவர் கேட்க, "வயித்துக்குச் சரியில்ல போல, பாவம்" என்று இன்னொருவர் சொல்ல, "நேத்து அண்ணாச்சி வீட்டுலேருந்து கறி கொடுத்து விட்டாவல்லா" என்று மூன்றாமவர் காரணம் கண்டுபிடிக்க, யாரும் எழுந்து பார்க்கவில்லை, ஒரு பெண் கக்கூஸில் இருக்கும்போது எழுந்து போய்ப் பார்ப்பது மரியாதை இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள், அந்த மரியாதையிலேயே படம் முடிந்துவிட்டது. விளக்கு எரிந்தபோது அவள் பஸ் கோவில்பட்டியைத் தாண்டியிருந்தது. கக்கூஸ் கதவில் பட்டுச்சேலை மட்டும் மடித்துத் தொங்கியது.

அம்மை என்னை அடித்தாள். அண்ணாச்சி யாரையும் அடிக்கவில்லை, நாற்காலியிலிருந்து மெத்தையை எடுத்துக்கொண்டு போனார். மாசானமுத்து அடுத்த மாதமே கடையநல்லூர்ப் பக்கம் பெண் எடுத்தார், பந்தி நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

மறுநாள் நான் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு முறுக்குத் தட்டோடு நடுப்பாதையில் நின்றேன். படம் தொடங்கியது. ஜெர்மன். என் நெஞ்சு ஆறியது. நெட்டை படியிறங்கி வாயைத் திறந்தான், நானும் வாயைத் திறந்தேன், அதற்குள் முன் பெஞ்சிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் ஒரே குரலாக, "மைனி, நான் வெளிய போயிட்டு வாறேன்" என்றது. வீட்டுக்காரி தலையைத் தூக்கினாள். "நல்ல கோட்டாருக்கே, யார் கோட்டு?" என்று பெண்கள் பக்கம் சொன்னது. அவர்களுக்கு எல்லாம் மனப்பாடம். நான் யாருக்கும் வேண்டாம். தட்டோடு நின்றேன், ஒருவர் கையை நீட்டினார், வசனம் கேட்கிறார் என்று குனிந்தேன், முறுக்குக் கேட்டார்.

தெரிந்த வசனத்தை எத்தனை நாள் சொல்வார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் குறைந்தது, வேன்கள் நின்றன, துண்டுகள் வேறு ஊருக்குப் போயின, மதுரை ஏஜெண்டு திடீரென்று பெட்டியை நினைத்துக்கொண்டு திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்புகிற அன்றைக்கு டிக்கெட் வாங்க ஒருவரும் இல்லை. எஸ்தாக்கி மாமா என்னைப் பார்த்தார். "கடைசியா ஒரு தடவ ஓட்டவாட்டி?" என்றார். நான் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், மெத்தை இல்லாத அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மற்றபடி தியேட்டரில் இரண்டு புறாக்கள் இருந்தன.

ஜெர்மன்தான். நானும் எதிர்பார்க்கவில்லை. கிழங்கு உரிந்தது, கோட்டு கைமாறியது, விரிப்பு காற்றில் விலகி மூடியது. கடைசிக் காட்சி வந்தது. வீட்டுக்காரி கோட்டை விரித்துப் பிடித்தாள், நெட்டை ஒரு கையை நுழைத்தான், இன்னொரு கையை நுழைக்கப் போனான். அவள் நிறுத்தினாள். கோட்டைப் பிடித்தபடியே முகத்தைத் திருப்பிப் பெண்கள் பக்கம் கடைசி வரிசையைப் பார்த்தாள். மொட்டையும் மீசையும் சப்பை மூக்கும் விரிப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஏட்டி உலகு" என்றாள். "ஆவுடைய எங்க காணும்?"

"திருப்பூர்ல இருக்கா" என்றேன்.

"சாப்ட்டாளா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லுத. கேக்கணும்லா" என்றாள் வீட்டுக்காரி. பிறகு நெட்டையின் இன்னொரு கையையும் கோட்டுக்குள் நுழைத்து, காலரைச் சரிசெய்து, மீதியை ஜெர்மனில் சொல்லி முடித்தாள்.

அவ்வளவுதான். எத்தனை நாள், எத்தனை காட்சி, தட்டைச் சுமந்துகொண்டு அவள் வாயையே பார்த்து நின்றவள் நான், கடைசியில் எனக்கென்று தமிழ் பேசியது ஆவுடையைப் பற்றிக் கேட்கத்தான். நீ சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கவில்லை. நான் சாப்பிட்டிருக்கவும் இல்லை.

மாமா ரீலைச் சுற்றிப் பெட்டியில் வைக்கும் சத்தம் மேலே கேட்டது. நான் வெளியே வந்தேன், வெயில் கண்ணைக் குத்தியது, எதிரில் இருந்த எஸ்.டி.டி பூத்துக்குப் போய், ஆவுடை போட்ட கடிதத்திலிருந்து அம்மை கிழித்துச் சுருக்குப் பையில் வைத்திருந்த விடுதி நம்பரைச் சொல்லிப் போடச் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, அவர்கள் வேறு யாரையோ கூப்பிட, கடைசியில் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

"ஹலோ."

"நாந்தான்."

"உலகா? என்னட்டி, அம்மைக்கு எதும்..."

"அம்மை நல்லாத்தான் இருக்கா. நீ சாப்ட்டியா?"

அந்தப் பக்கம் தள்ளி யாரோ சிரிப்பதும் தண்ணீர் விழுவதும் கேட்டது.

"என்ன கேட்ட?"

"சாப்ட்டியான்னு கேட்டேன்."

"அதிசயமா இருக்கே" என்றாள் ஆவுடை. அவள் உட்கார்ந்தால் ஓர் ஊர் ஜெர்மன்காரர்கள் தமிழ் பேசினார்கள், அதற்கெல்லாம் கொட்டாவி விட்டவள், இப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னாள். "யாருட்டி கேக்கச் சொன்னா?"

தியேட்டர் வாசலில் பெட்டியைப் பேருந்தின் கூரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பூத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"யாரும் சொல்லல" என்றேன். "நானாத்தான் கேக்கேன்."

எல்லாவற்றையும் ஆவுடைக்கே கொடுத்துவிட முடியாது.